கடைத்தெருவில் நிற்கும் உரிமை



1978 ஜூலையில் இந்த விழுப்புரத்தில் கொல்லப்பட்ட 12 பேரின் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்த தோழர்களுக்கு நன்றி. திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் மாணவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். திரும்பிப் போகும் கவலை அவர்களுக்கு இருக்கும். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

தலைப்பைப் பார்த்துவிட்டு மூத்த தோழர் ஒருவர் கேட்டார்: "படுகொலை நினைவு நாளில் கடைத்தெருவைப் பற்றியா பேசப் போறீங்க?" ஆமாம் தோழர், அந்தப் படுகொலை கடைத்தெருவைப் பற்றியது என்றுதான் நான் நினைக்கிறேன். அதை விளக்கத்தான் வந்திருக்கிறேன்.

நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1978 ஜூலை கடைசியில், கடைத்தெருவுக்கு வந்த ஒரு தலித் பெண்ணிடம் கடைக்காரத் தரப்பைச் சேர்ந்த ஒருவர் தவறாக நடந்துகொண்டார் என்பதில் தொடங்கியது. தட்டிக் கேட்டார்கள். தகராறு ஆனது. தகராறு கலவரமானது. சில நாட்களுக்குள் பெரிய பறைச்சேரியைச் சேர்ந்தவர்கள் குறிவைக்கப்பட்டு 12 பேர் கொல்லப்பட்டார்கள். அப்போது எம்.ஜி.ஆர். ஆட்சி தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. நீதிபதி சதாசிவம் தலைமையில் விசாரணை ஆணையம் போட்டார்கள். வழக்கு நடந்தது, தண்டனைகளும் வந்தன. அதன் பிறகு ஊர் பேசுவதை நிறுத்திக்கொண்டது. பேசிக்கொண்டே இருந்தவர்கள் மிகச் சிலர். இன்று இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும் எழுத்தாளர் ரவிக்குமார் அவர்களில் ஒருவர்.

கீழ்வெண்மணி என்றால் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். 1968, 44 பேர். மேலவளவு தெரியும், 1997. விழுப்புரம் என்று சொன்னால் ரயில் ஜங்ஷன் என்கிறார்கள். ஏன் இந்த வேறுபாடு என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வெண்மணியைப் புரிந்துகொள்ள நம்மிடம் ஒரு சட்டகம் இருக்கிறது: நிலம், கூலி, பண்ணையார். மேலவளவுக்கு ஊராட்சித் தலைவர் பதவி இருக்கிறது. விழுப்புரத்தில் நிலம் இல்லை, பதவி இல்லை. கொன்ற தரப்பை ஒரே சாதியின் பெயரில் அடக்கவும் முடியாது. வியாபாரம்தான் அவர்களைச் சேர்த்துக் கட்டியது. இது ஒரு நகராட்சி ஊர். ஜவுளிக்கடையும் மளிகைக்கடையும் ஓட்டலும் சினிமாக் கொட்டகையும் உள்ள ஊர். நகரத்துக்குப் போனால் சாதி கரையும் என்று நாம் நம்பியிருந்த இடத்தில் நடந்தது.

அந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது கிராமத்தைப் புகழ்ந்தவர்களை அம்பேத்கர் எவ்வளவு கடுமையாக மறுத்தார் என்பது உங்களுக்குத் தெரியும். கிராமத்தைவிட்டு வெளியேறுவது தலித்துகளுக்கு அரசியல் செயல்பாடு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் அம்பேத்கர் பார்த்த பம்பாய் வேறு, விழுப்புரம் வேறு. பம்பாய்த் தெருவில் ஒருவன் யாரென்று தெரியாமல் நடக்கலாம். இங்கே டீக்கடையில் உட்கார்ந்தால் இரண்டாவது கேள்வியே "எந்தத் தெரு?" என்பதுதான். பெயரைக் கேட்பதற்கு முன்னால் தெருவைக் கேட்கிற ஊர் இது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப் போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். பலகையில் பெயர் மாறும். ஆனால் அந்தத் தெரு எந்தத் திசையில் இருக்கிறது என்பது டீக்கடைக்காரருக்குத் தெரியுமே.

இந்தக் கடைத்தெரு எப்படி உருவானது? தென்னார்க்காடு புழுதிக்காட்டு மாவட்டம், மல்லாட்டை விளைந்த மாவட்டம். 1879இல் பாண்டிச்சேரிக்கு ரயில் பாதை போட்டபோது விழுப்புரம் அதன் முனை. வயலிலிருந்து வண்டியில் வந்த மூட்டையை இறக்கவும், எடை போட்டு அடுக்கவும், வேகனில் ஏற்றவும் ஆள் வேண்டும். பிறகு லாரி வந்தது, கமிட்டி வந்தது. எல்லாவற்றுக்கும் முதுகு வேண்டும். கைவண்டி இழுத்தவர்கள் யார், மூட்டை தூக்கியவர்கள் யார், கடை திறப்பதற்கு முன்னால் தெருவைப் பெருக்கியவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலை நான்கு மணிக்குக் கடைத்தெரு நம்முடையது. காய்கறி லோடு வந்து நிற்கும்போது அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள். பத்து மணிக்குக் கல்லாப்பெட்டி திறந்த பிறகு அது வேறு ஆட்களின் தெரு. ஒரே தெரு, நேரத்தைப் பொறுத்து உடைமை மாறுகிறது. சமூகவியல் பாடத்தில் இடத்தைப் பற்றி நிறையப் படித்தேன். இந்த நேரக் கணக்கை எனக்குச் சொல்லிக் கொடுத்தது புத்தகம் இல்லை, கமிட்டியில் மூட்டை தூக்கிய பெரியவர்கள்தான்.

ஆக, கடைத்தெருவுக்குள் நம்மை யாரும் வரக்கூடாது என்று சொன்னதில்லை. வந்தே ஆக வேண்டும், வராவிட்டால் கடை நடக்காது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. மூட்டையோடு வரலாம். விளக்குமாறோடு வரலாம். கையில் ஒன்றும் இல்லாமல், வேலை எதுவும் இல்லாமல், சும்மா வந்து நிற்கலாமா?

தண்டோராவை யோசித்துப் பாருங்கள். ஊரின் நாலு சந்தியிலும் நின்று, எல்லாரும் கேட்கும்படி உரத்துப் பேச உரிமை பெற்ற ஒரே ஆள் பறை அடிக்கிறவர். பொதுவெளியின் குரல் என்று ஒன்று இருந்தால் அது அவருடைய குரல்தான். ஆனால் அவர் சொன்ன சொற்களில் ஒன்றுகூட அவருடையது கிடையாது. வரி கட்டச் சொன்னது அரசாங்கம், கூழ் ஊற்றும் நாளைச் சொன்னது ஊர். சொல்லி முடித்ததும் அடுத்த சந்திக்கு நகர்ந்துவிட வேண்டும். மைக்கும் ஆட்டோவும் வந்து எத்தனையோ காலம் கழித்து, 2022 ஆகஸ்டில்தான் தமிழக அரசு தண்டோராவைத் தடை செய்தது. அதுவரை அரசு அறிவிப்புக்கே அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் அதிலுள்ள செய்தி.

'பொது' என்ற சொல்லையே கொஞ்சம் பார்க்கலாம். சிதம்பரத்தில் நடராசர் ஆடும் அம்பலத்துக்குத் தமிழில் 'பொது' என்று ஒரு பெயர் உண்டு. பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்துக் கோயில் அது. அந்தப் பொதுவைப் பார்க்கத்தான் நந்தன் போனார். பொது என்று பெயர் வைத்த இடத்துக்குள் போவதற்கு அவர் நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. இதற்கு மேல் நான் விளக்கப் போவதில்லை.

சட்டத்தின் பக்கம் வருவோம். மதுராந்தகத்துக்கு அருகே கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1924 ஆகஸ்டில் சென்னை சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த ஊரிலும் எந்தப் பொதுத் தெருவிலும் எந்த வகுப்பாரும் நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், அலுவலகம், பொதுமக்கள் கூடும் இடம் எதற்கும் போகலாம் என்பது அதன் சாரம். அரசு அதை ஏற்று ஆணையாக வெளியிட்டது. திண்டிவனத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர்க்காரர் செய்த வேலை இது. நம் மாணவர்கள் மகாடு பற்றிச் சொல்வார்கள், கோழியாளத்தைத் தெரியாது. மகாடும் இதே கதைதான். பொதுக் குளத்தில் தண்ணீர் எடுக்க 1927 மார்ச்சில் அம்பேத்கர் போனார். அந்தக் குளம் பொதுக் குளமா, எங்கள் தனிக் குளமா என்று சாதி இந்துக்கள் வழக்குப் போட்டார்கள். பம்பாய் உயர்நீதிமன்றம் 1937இல்தான் அதை முடித்தது. ஒரு வாய் தண்ணீருக்குப் பத்து வருஷம். பிறகு அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு வந்தது: கடை, ஓட்டல், கேளிக்கை இடம், கிணறு, குளம், சாலை எதிலும் சாதியைச் சொல்லித் தடுக்கக் கூடாது.

இந்த ஆவணங்களை வரிசையாகப் படிக்கும்போது ஒன்று கவனத்துக்கு வருகிறது. நடக்கலாம், போகலாம், எடுக்கலாம், பயன்படுத்தலாம் என்றெல்லாம் வருகிறது. எல்லாமே வந்துவிட்டுப் போகிற வினைகள். அதைக் குறை சொல்லவில்லை. 1924இல் நடப்பதற்கே அடி விழுந்தது. ஆனால் ஒரு சதுக்கம் சதுக்கமாவது அதன் வழியே நடப்பதால் மட்டும் ஆகாது. அங்கே நின்று பேசுவது, வேடிக்கை பார்ப்பது, பேரம் படியாவிட்டால் சத்தம் போடுவது, அவமதித்தால் அங்கேயே நின்று கேள்வி கேட்பது, இவையெல்லாம் சேர்ந்தால்தான் அது ஒருவருக்குச் சொந்தமான பொது இடம். 1978இல் பெரிய பறைச்சேரி ஆட்கள் செய்தது கடைசியாகச் சொன்னதைத்தான். கடைத்தெருவில் நின்று கேட்டார்கள். பெண்ணைச் சீண்டியது அவர்கள் பார்வையில் புதிய விஷயமாக இருந்திருக்காது. திருப்பிக் கேட்டதுதான் புதிது. அதற்கான பதில்தான் அந்த 12 உயிர்கள்.

இப்படிப்பட்ட நிகழ்வுகளின் அரசு ஆவணங்களில் திரும்பத் திரும்ப ஒரு சொல் வரும்: 'சமூக விரோதிகள்'. இரண்டு பக்கத்திலும் சமூக விரோதிகள் இருந்தார்கள் என்று எழுதிவிட்டால் சாதி காணாமல் போய்விடும். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 2002இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஆதிக்க சாதியினருக்குச் சாதியை வேறு பெயர்களில் பேச முடிகிறது, ஒடுக்கப்பட்டவர்களால் மட்டும்தான் அதைச் சாதி என்றே பேச முடிகிறது என்ற பொருளில் வாதிடுகிறார். சுத்தம், ஒழுங்கு, சட்டம்-ஒழுங்கு, வியாபாரிகள் பாதுகாப்பு எல்லாம் அந்த வேறு பெயர்கள். இடஒதுக்கீடு வேண்டாம், வர்த்தகம் நடக்கட்டும் என்று யாராவது கடைத்தெருவில் மைக்கில் பேசினால் அதைச் சாதிப் பேச்சு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் பேசினால் சொல்வார்கள்.

நினைவும் ஓர் இடம்தான். 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கம் ஒரு வாரம் சாலை மறியல் நடத்தியது. இடஒதுக்கீடு கேட்டு நடந்த அந்தப் போராட்டத்தில் உயிரிழந்த 21 பேருக்கு விழுப்புரத்தில் அரசு மணிமண்டபம் கட்டி, 2025 ஜனவரியில் முதலமைச்சர் திறந்து வைத்தார். எனக்கு அதில் மறுப்பு இல்லை. போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானவர்களும் உழைக்கும் ஏழைகள்தான். அதே வாரத்தில் இந்த வட்டாரத்தில் சேரிக் குடிசைகள் எரிந்தன என்பதை மண்டபத்துக்குள் யாரும் எழுதிவைக்கப் போவதில்லை, அது வேறு விஷயம். நான் கேட்பது ஒன்றே ஒன்று. 1978இன் 12 பேருக்கு அரசு கட்டிய மண்டபம் எது? கடைத்தெருவுக்குப் புதிதாக வரும் ஒருவர் இந்த இடத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள அரசு என்ன செய்திருக்கிறது? விழுப்புரம் நாடாளுமன்றத் தொகுதி தனித்தொகுதி, திண்டிவனம் சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி. வாக்குச் சீட்டில் வர முடிகிற நாம் கடைத்தெருச் சுவரில் வர முடியவில்லை.

இனி திண்டிவனத்துக்கு வருகிறேன். சென்னைச் சாலை, பாண்டிச்சேரிச் சாலை, செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைச் சாலை எல்லாம் பிரிகிற ஊர். இரவு எந்த நேரம் போனாலும் யாராவது பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பார்கள். நாளிதழில் உள்ளூர்ச் செய்தி படிக்கிறவர்களுக்கு இந்த வாக்கியம் பழக்கம்: 'சந்தேகத்துக்கிடமாக நின்றுகொண்டிருந்தவரைப் பிடித்து விசாரித்தபோது...' அப்படிப் பிடிபடுகிறவர்களில் இருளர்கள் எத்தனை முறை வந்திருக்கிறார்கள் என்று பேராசிரியர் பிரபா கல்விமணியும் அவர் தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் எத்தனையோ வருஷமாகச் சொல்லிவருகிறார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 128, என்ன சொல்கிறது? குற்றம் செய்யும் நோக்கத்தோடு தன் இருப்பை மறைத்துக்கொள்கிறவரைப் பற்றிச் சொல்கிறது. மறைந்திருப்பவருக்கான சட்டம் பஸ் ஸ்டாண்டு விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறவர் மேல் பாய்கிறது. செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போவதற்காக மேஸ்திரியோடு நின்றால் சந்தேகம் வராது. தனியாக நின்றால் வரும். இருளர்கள் விஷயத்தில் தலித் இயக்கங்கள் காட்டிய அக்கறை போதாது என்பது என் கருத்து. அதை இந்த மேடையில்தான் சொல்ல வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது. சாதி சொல்லித் திட்டினால் அது 'பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில்' நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள் வெளியார் யாரும் இல்லாமல் திட்டினால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. அப்படியானால் சாட்சி முக்கியமாகிறது. கடைத்தெருவில் ஆயிரம் பேர் முன்னிலையில் திட்டினாலும் சாட்சி சொல்ல வருகிறவர் யார்? கடைக்காரர் வருவாரா, பக்கத்துக் கடைக்காரர் வருவாரா? பொதுமக்கள் பார்த்தார்கள், ஆனால் அந்தப் பொதுமக்களில் நாம் பாதிதான். வழக்கறிஞர்களாகப் போகும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2015 திருத்தத்தையும் சேர்த்துப் படியுங்கள். பொது இடத்தில் செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதை, சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போவதை, கல்யாண ஊர்வலம் நடத்துவதைத் தடுப்பது குற்றம் என்று அதில் இருக்கிறது. 2015இல் ஒரு நாடாளுமன்றம் இதை எழுத வேண்டியிருந்தது.

நாம் உள்ளே வருகிறோம் என்று தெரிந்ததும் இடத்தையே பூட்டிவிடுவது ஒரு பழைய உத்தி. மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலை 2023 ஜூனில் அதிகாரிகள் பூட்டி சீல் வைத்தார்கள். தடுத்தவர்கள் மேல் நடவடிக்கை எடுத்திருந்தால் பூட்டு தேவைப்பட்டிருக்காது. நம் மக்கள் உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் வரை ஆனது. கொடிக்கம்பம் விஷயத்தையும் நான் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். பொது இடங்களில் கட்சிகளும் சாதி, மத அமைப்புகளும் நட்ட கொடிக்கம்பங்களை அகற்றச் சொல்லி 2025 ஜனவரி 27இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. எல்லாருக்கும் ஒரே விதி என்று கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிரதான சாலையில் கல்யாண மண்டபமும் கடையும் பெட்ரோல் பங்க்கும் வைத்திருப்பவர்கள் ஒரு கம்பத்தை எடுத்துக்கொண்டாலும் அந்தச் சாலையில் இருப்பார்கள். சேரி இளைஞனுக்கு அந்தச் சாலையில் இருந்த ஒரே பட்டா அந்தக் கம்பம். அதை நட அவன் வாங்கிய அடியும் அலைந்த கோர்ட்டும் அந்த உத்தரவுக்குள் வருவதில்லை. அம்பேத்கர் சிலையைப் பாருங்கள். மற்ற தலைவர்கள் வெயிலில் நிற்கிறார்கள், அவர் இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறார். சிலையை உடைக்கிறவனைப் பிடிக்க முடியாத அரசு சிலையைப் பிடித்து அடைக்கிறது.

ஒரு விஷயம் நமக்குள் பேச வேண்டியது. 1978 ஒரு பெண் கடைத்தெருவுக்கு வந்ததில் தொடங்கியது என்று சொன்னேன். அதற்குப் பிறகு அந்தக் கதையில் அவர் இல்லை. மோதினவர்கள், செத்தவர்கள், விசாரித்தவர்கள் எல்லாரும் ஆண்கள். நம் ஆர்ப்பாட்டங்களிலும் பெண்கள் முன்வரிசையில் கொடி பிடிக்கிறார்கள், போட்டோ எடுத்ததும் வேனில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம். இரவு எட்டு மணிக்கு நகராட்சித் திடல் கூட்டத்தில் கடைசிவரை நிற்கிற பெண்களை விரல்விட்டு எண்ணலாம். பூக்கட்டி விற்கிறவரும் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருப்பவரும்தான் கடைத்தெருவில் நாள் முழுக்க நிலைத்திருக்கும் நம் பெண்கள். தரைக்கு வாடகை வசூலிக்க வருகிறவனோடு தினமும் சண்டை போட்டு அந்த நாலடி இடத்தைக் காப்பாற்றுகிறவர்கள். பொது இட உரிமையைப் பற்றி என்னைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். அடுத்த ஆண்டு இந்த மேடைக்கு அவர்களில் ஒருவரை அழைக்க வேண்டும் என்று அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லிவிட்டு முடிக்கிறேன். 1978இல் இருபது வயதாக இருந்தவர்கள் இன்று எழுபதை நெருங்குகிறார்கள். அவர்களிடம் போய் "கலவரத்தைப் பற்றிச் சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். பலமுறை சொல்லித் தேய்ந்த கதைதான் கிடைக்கும். வேறு கேளுங்கள். அப்போது எந்தக் கடையில் டீ குடிப்பீர்கள்? யார் கடையில் கடன் கிடைக்கும்? சினிமாவுக்குப் போனால் எந்தச் சந்தில் போவீர்கள்? அந்த ஜூலைக்குப் பிறகு எத்தனை மாதம் கழித்து முதல்முறையாகக் கடைத்தெருவுக்குப் போனீர்கள், யாரோடு போனீர்கள், எங்கே நின்றீர்கள்? பெண்களிடம் தனியாகக் கேளுங்கள், பெண்கள் போய்க் கேளுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் கடைத்தெருவை வரைந்து அவர்கள் சொல்கிற இடத்தில் புள்ளி வையுங்கள். பதிவு செய்வதற்கு முன்னால் அனுமதி கேளுங்கள், பெயர் வேண்டாம் என்றால் பெயர் போடாதீர்கள்.

கூடவே, அந்த ஆண்டுகளில் கடைத்தெருவில் தரை வாடகை, கடை ஏலம், தெருப் பெயர் மாற்றம் பற்றிய பதிவேடுகளை நகராட்சியிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுக் கட்டணம் 10 ரூபாய். தனித்தனியாகப் பத்துப் பேர் பத்து மனு போடுங்கள். ஒரு மனுவுக்காவது பதில் வரும்.